அலாரம் ஆஃப் ஆன மத்தியானம்

எங்கள் மாடி அறைக்கு அந்த அம்மா குடிவந்த முதல் வாரம், ஒரு காலையில் பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி படியில் வந்து நின்றார். "இட்ஸ் கான் ஆஃப்" என்றார். 'ஆஃப்' எனக்குத் தெரிந்த வார்த்தை. அடுப்பு அணைந்துவிட்டது போலிருக்கிறது என்று லைட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்து, சிரித்துக்கொண்டே பாத்திரத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார். பால் திரிந்து போயிருந்தது.

நான் கீழ்பென்னாத்தூரில் தமிழ்வழியில் படித்தவள். கல்யாணமாகி ஆசிரமத்துப் பக்கம் வந்த பிறகுதான் ஆங்கிலம் தினமும் காதில் விழ ஆரம்பித்தது. செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. கீழே நானும் என் கணவரும். மாடியில் ஒரே ஒரு அறை, சமையல் மேடையோடு. அதில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போவார்கள். அவர்களிடம் பேசிப் பேசி வந்த ஆங்கிலம்தான் என்னுடையது. என் கணவர் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவருக்கு என்னைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி வரும்.

அந்த அம்மா இங்கிலாந்துக்காரர். எழுபதைத் தாண்டியவர், ஏதோ ஒரு ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். குளிர்காலம் தொடங்கும் முன் வருவார், வெயில் ஏறியதும் போவார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை டியர் என்பார்.

'கோ ஆஃப்' என்பது அவர் வாயில் ஓயாமல் வரும். ஒருநாள் நான் கொண்டுபோன இட்லியைத் தள்ளி வைத்து, இட்லியை விட்டு 'கான் ஆஃப்' ஆகிவிட்டேன் என்றார். என் மாவு கெட்டுவிட்டதென்று எனக்கு முகம் விழுந்துவிட்டது. கெட்டது இட்லி இல்லை, தினம் தின்று அவருக்கு அலுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு நாள் உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். "ஹி வென்ட் ஆஃப்" என்றார். இங்கே ஆள் ஆஃப் என்றால் செத்துப்போனார் என்றுதானே அர்த்தம்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி மேடம், வெரி சாரி" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனிதர் உயிரோடுதான் இருக்கிறார், பக்கத்து ஊரில், வேறொரு பெண்ணோடு.

மூன்றாவது வருடம் அவர் வந்தபோது மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார். நுரையீரல் முன்பே கெட்டிருந்தது, அந்த வருடம் இன்னும் மோசம். இங்கே டாக்டர் பார்த்துவிட்டு ஆக்ஸிஜன் மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். சின்ன ஃபிரிட்ஜ் அளவு இருக்கும். கரண்டில் ஓடும். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் கொஞ்ச நேரம் ஓடும். அதுவும் போனால் மூலையில் ஒரு சிலிண்டர். மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் சிலிண்டரை எப்படித் திறப்பது என்று எனக்கும் என் கணவருக்கும் ஒருமுறை காட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பௌர்ணமியன்று காலையில் மெஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. வாடகைக்காரருக்கு என் கணவர் போன் செய்தார். "ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கும் சார். கழுவிக் காயவெச்சுப் போடுங்க. கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் தானா நின்னுடும்" என்றார் அவர். கழுவி, வெயிலில் காயவைத்துப் போட்டோம். காற்று நன்றாகவே வந்தது. சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

நாங்கள் அடி அண்ணாமலைக்குப் போயாக வேண்டியிருந்தது. என் கணவரின் அண்ணனுக்கு அங்கே கிரிவலப் பாதையில் கடை இருக்கிறது. பௌர்ணமிக்குத் தண்ணீர் பாட்டிலும் மோரும் எலுமிச்சை சாதமும் விற்பார். அவர் மனைவி முழங்கால் வலியில் படுத்திருந்ததால் அந்த மாதம் ஆள் இல்லை. எனக்குப் போக மனசே இல்லை. மேடம்தான், போ போ என்று கையை வீசினார்.

"சவுண்ட் ஸ்டாப், யூ கால்" என்றேன், காதருகே போன் வைப்பதுபோலக் கையைக் காட்டி. சத்தம் நின்றதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதுதான்.

"ஐ வில் கால், டியர்" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் ஏறிவிட்டது. ஒலிபெருக்கியில் பாட்டு, ஒரு பக்கம் சங்கு, ஒரு பக்கம் குழந்தை காணவில்லை என்ற அறிவிப்பு. நான் எலுமிச்சை சாதத்தைத் தொன்னையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஹலோ மேடம்! ஹலோ!" என்று கத்தினார். கேட்டார். அவர் முகம் தெளிந்தது. "ஓகே மேடம். குட், குட். தேங்க் யூ மேடம்." வைத்துவிட்டார்.

"அலாரம் ஆஃப் ஆயிடுச்சாம்" என்றார் என்னிடம். "காலைலேர்ந்து உயிர வாங்குச்சே, நின்னுடுச்சு."

அப்பாடா என்று இருந்தது. நாலைந்து தொன்னை கொடுத்திருப்பேன். அப்போது ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. போன வருடம் ஒரு காலையில் மேடம் தூக்கக் கலக்கத்தோடு கீழே வந்து, நாலு மணிக்கே அலாரம் 'வென்ட் ஆஃப்' ஆகிவிட்டது, அதற்கப்புறம் தூங்கவே இல்லை என்று சொல்லியிருந்தார். நின்றுபோன அலாரம் யாரையாவது எழுப்புமா?

கரண்டி கையிலேயே நின்றது.

"ஏங்க, மேடம் இன்னா சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

"அதான் சொன்னேனே."

"அவங்க வார்த்தைய சொல்லுங்க."

"'த அலாரம் ஹேஸ் கான் ஆஃப்'னாங்க."

"வேற?"

"வேற ஏதோ சொன்னாங்க, இந்தச் சத்தத்துல காதுல விழல. ஏன்?"

"அலாரம் அடிக்கிறதுக்கும் அவங்க ஊர்ல அதேதாங்க சொல்வாங்க."

அவர் என்னையே பார்த்தார். "நின்னா கூப்பிடுங்கன்னு நீதானே சொல்லிட்டு வந்த? நின்னுச்சு, கூப்ட்டாங்க. இதுல இன்னா இருக்குது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. திருப்பி அழைத்தேன். போகவில்லை. பௌர்ணமிக்கு லட்சம் போன் ஒரே இடத்தில் சேரும்போது எந்த லைனும் கிடைக்காது. அவர் போனிலும் முயன்றோம், அண்ணன் போனிலும் முயன்றோம். ஒரு சுற்றுப் போய் அறுந்துவிடும், அல்லது ஒன்றுமே கேட்காது.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் மாதிரிதான். மூச்சு வாங்கித்தான் பேசுவாங்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். எப்பவும் மாதிரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்ததை அவர் முகத்தில் பார்த்தேன்.

"நான் போறேன்" என்றேன்.

அண்ணனின் மொபெட் கடைக்குப் பின்னால் நின்றது. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். வேர்க்கடலைக் காட்டு வழியாக ஒரு மண்பாதை இருக்கிறது, சுற்றிக்கொண்டு செங்கம் சாலையில் போய்ச் சேரும். அதில் போனேன். மழை பெய்து காய்ந்த வண்டித்தடம், சக்கரம் இழுத்தது. ஒரு நிமிடம், ஒன்றுமில்லை, மேடம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார் என்று தோன்றும். அடுத்த நிமிடமே வேறு கேள்வி வரும். மெஷின் கத்துகிறதென்றால் ஏன் கத்துகிறது? கரண்ட் போனால் கத்தும். இன்வெர்ட்டர் பேட்டரி பழசு. எவ்வளவு நேரம் தாங்கும்?

செங்கம் சாலையில் ஏறும் இடத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு பெண் போலீஸ் கையை நீட்டி நிறுத்தினார்.

"வண்டி போவாதும்மா. திருப்பு."

"வீட்டுல வயசானவங்க இருக்காங்க மேடம். மூச்சு மெஷின் நின்னு போச்சு."

"நின்னு போச்சா? யாரு சொன்னாங்க?"

"போன் வந்துச்சு... நின்னுச்சான்னு சரியா தெரியலங்க."

"தெரியாமத்தான் இப்படி ஓடியாறியா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்தார். "வண்டிய இங்கயே போடு. நான் பாத்துக்கறேன். ஓரமா போ."

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அங்கிருந்து எங்கள் தெரு வரைக்கும் சாலை முழுக்க மனிதத் தலை. எல்லோரும் மலையை வலப்பக்கம் விட்டு எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் எதிர்த்துப் போனேன். தோளில் குழந்தை வைத்திருந்த ஒருவர் என் மேல் இடித்துக்கொண்டு, "ஏம்மா, மலை சுத்தறவங்களுக்கு எதிர்ல வரியே, அறிவில்ல?" என்றார். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது. வழி விடுங்க, வழி விடுங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. போனை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரே ஒருமுறை மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

எங்கள் தெருமுனை திரும்பியதும் நின்று காது கொடுத்தேன். சத்தம் இல்லை. அந்த மெஷின் கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். இல்லை. என் கணவர் சொன்னதுதான் சரி, நின்றுதான் போயிருக்கிறது என்று மெதுவாக நடக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பெட்டிக்கடையைப் பார்த்தேன். கடைக்கார அம்மா விசிறிமட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் அசையாமல் தொங்கியது.

"கரண்ட் இல்லியாங்க?"

"எப்பவோ போச்சும்மா. கண்டவன்லாம் வயரப் போட்டு கரண்ட்ட இழுத்தா? டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போயிடுச்சாம். ஆள் வரணும், இந்தக் கூட்டத்துல எங்க வர்றது."

"எங்க மாடியில ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. பீப் பீப்னு ரொம்ப நேரம் அடிச்சுக்கினே இருந்துச்சு. காலையிலயும் அதானே அடிச்சுது. இப்பத்தான் செத்த முன்னாடி நின்னுச்சு."

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. குரங்குத் தொல்லைக்காக மேடம் எப்போதும் தாழ் போட்டுத்தான் வைத்திருப்பார். "மேடம்! மேடம்!" கதவைத் தட்டினேன், உதைத்தேன். உள்ளே அசைவே இல்லை. பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்குள் கையை விட்டால் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் எட்டவில்லை. மொட்டைமாடிக் கொடிக்கடியில் துணி தூக்கிப் போடும் கம்பு கிடந்தது. அதை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை நெம்பினேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை டக்கென்று விழுந்தது.

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மேசையில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நகமும் அதே நிறம். தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. பேச முடியவில்லை. குழாய் இன்னும் மூக்கில்தான் இருந்தது, செத்த மெஷினோடு மாட்டியபடி.

சிலிண்டரின் கழுத்தில் அதன் சாவி நூலில் கட்டித் தொங்கியது. மாட்டித் திருகினேன். அசையவில்லை. முழு பலத்தையும் போட்டேன். அசையவில்லை. எந்தப் பக்கம் திருகச் சொன்னார் அந்த ஆள்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நான் இறுக்கிக்கொண்டிருக்கிறேனா? மறுபக்கம் திருப்பி, முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் தொங்கினேன். கிறீச் என்று ஒரு சத்தம். பிறகு உஸ்ஸென்று காற்று. குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் சொருகி, கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி அடுத்த நாள்கூடச் சிவந்து தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. உதட்டின் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது. என் கணவர் நான் கிளம்பிய பிறகு நிலைகொள்ளாமல், பாதையோரத்து மருத்துவ முகாமுக்குப் போய்ச் சொல்லி, அவர்களுடைய ஆம்புலன்ஸிலேயே ஏறி வந்திருந்தார். ஒரு நர்ஸ் மேலே ஓடி வந்து விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்து, "உடனே கொண்டு போவணும்" என்றார். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினோம். என் கணவர் மேடத்தின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, பிறகு படியை மட்டுமே பார்த்து இறங்கினார்.

மறுநாள் காலையில் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பெட்டிக்கடைக்கார அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க வெள்ளைக்காரம்மா ஆஃபா?" எனக்கு வந்த கோபத்தில், "யாரும் ஆஃப் ஆவல, நல்லாத்தான் இருக்காங்க" என்று கத்திவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வார்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மேடம் கேட்டார், உன் வீட்டுக்காரர் ஏன் 'குட்' என்று சொன்னார்?

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களுக்கு ஆஃப் என்றால் நிற்பது. காலையிலிருந்து அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்றே காத்திருந்தோம். நீங்கள் சொன்னதும் அவருக்கு நல்ல செய்தியாகிவிட்டது.

அவர் கரண்டியை விலக்கினார். பிறகு நடந்ததைச் சொன்னார். கரண்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்து, மெஷின் நின்று, அலாரத்துக்கென்று உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீரும் வரை அலறியிருக்கிறது. சிலிண்டரைத் திறக்க அவர் கைக்குப் பலம் போதவில்லை. போன் செய்திருக்கிறார். 'ஓகே, குட்' என்று காதில் விழுந்ததும் நிம்மதியாகிவிட்டது. இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறார்கள், நாம் மூச்சைச் செலவழிக்கக் கூடாது என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பெட்டிக்கடை அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கதவுத் தாழையாவது எழுந்துபோய்த் திறந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. நாங்கள் வருகிறோம் என்று நம்பி உட்கார்ந்திருந்தார்.

சொல்லி முடித்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நோயைப் பற்றி அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. நுரையீரல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேலி பேசுவார். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தார். அந்த மத்தியானம் முழுக்கத் தான் தனியாக இருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

என் கணவர் வார்டுக்குள் வரவில்லை. சாப்பாடு கொண்டுவருவார், மருந்துக்கடை வாசலிலேயே நின்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் வீட்டில் ஆரம்பித்தார்.

"அவங்க புள்ளகிட்ட சொல்லிடு. வந்து கூட்டிக்கினு போவட்டும். நம்மால ஆவாது."

"இப்ப பிளைட்ல ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. எங்க போவாங்க?"

"எங்கயாவது. இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்க வீட்டுக்கு."

"நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

"நான் 'தேங்க் யூ'ன்னு சொல்லி வெச்சேன்" என்றார். "ஒரு மனுசி மூச்சுக்குத் தவிக்கிறாங்க, நான் தேங்க் யூன்னு வெச்சேன்."

மேடத்தின் மகன் போனில் வந்தார். தாயை இப்போது நகர்த்த முடியாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், இரண்டு மாதத்தில் வருகிறேன் என்றார். அதுவரை எங்கள் வீடுதான் என்றாகிவிட்டது.

மேடம் திரும்பி வரும் முன்பே என் கணவர் கீழே முன்னறையைக் காலி செய்து கட்டிலைப் போட்டிருந்தார். இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி. சிலிண்டரைத் தினம் ஒருமுறை அவரே திறந்து மூடிப் பார்ப்பார். மேடம் வந்து உட்கார்ந்ததும், நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"மேடம், எமர்ஜென்சி, நோ இங்கிலீஷ். ஒன்லி தமிழ். 'சீக்கிரம் வாங்க.' சொல்லுங்க."

"சீக்ரம் வாங்கோ."

"வாங்க."

"சீக்கிரம் வாங்க" என்றார் மேடம், ஓய்வுபெற்ற ஆசிரியை, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி. சாயங்காலம் என் கணவர் பள்ளியிலிருந்து வந்ததும் ஒருதரம் சொல்லச் சொல்வார். காலையில் போகும்போது ஒருதரம். 'மூச்சு வரல' என்பதையும் கற்றுக்கொடுத்தார். அது மட்டும் மேடத்துக்கு வாயில் வரவே இல்லை.

மகன் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் பின்கட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். முன்னறையிலிருந்து உரக்கக் கேட்டது: "சீக்கிரம் வாங்க! சீக்கிரம் வாங்க!"

தோசைத் திருப்பியோடு ஓடினேன். எனக்கு முன்னால் அவர், பாதி முகத்தில் நுரையோடு, வாசற்படியில் கால் இடறி, நேராகச் சிலிண்டரிடம் போய்ச் சாவியில் கை வைத்துவிட்டார். மெஷின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. மேடம் ஜன்னலோரத்தில் நின்று, விரலை உதட்டில் வைத்து, வெளியே காட்டினார். சுற்றுச்சுவரின் மேல் ஓர் ஆண் மயில், தோகையை எங்கள் பக்கம் தொங்கவிட்டு நின்றது.

"இதுக்கா?" என்றார் என் கணவர். "இதுக்கா மேடம் அப்படிக் கூப்ட்டீங்க?"

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலை விட்டுவிட்டு, "சாரி, சாரி" என்று அவரை நோக்கி வந்தார். என் கணவர் சாவியிலிருந்து கையை எடுக்க முயன்றார். சாவி சிலிண்டரில் பட்டு டிங் டிங் என்று அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடமும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, குழாயை இழுத்துக்கொண்டு, மெதுவாக அவர் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார். அடுப்பில் தோசை தீயும் வாசனை வந்தது, நான் உள்ளே போனேன்.

அன்று என் கணவர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டார்.